ஒன்பதே காலுக்கு விழுகிறவன்

எங்க அரியங்கோட்டைல ஒட்டகத் திடல்னு ஒரு இடம் இருக்கு, ஒட்டகம் ஒண்ணும் கிடையாது, எந்தக் காலத்துலயோ ஒரு சர்க்கஸ்காரன் விட்டுட்டுப் போன ஒட்டகம் அங்கயே நின்னு செத்துச்சாம், பேரு ஒட்டிக்கிச்சு, மத்தபடி அது சர்க்கார் இடம், அங்க ஒரு முளைக்குச்சி அடிக்கணும்னாலும் தாலுகா ஆபீஸ்ல தற்காலிகக் கட்டுமான அனுமதின்னு ஒரு பேப்பர் வாங்கணும், அந்தப் பேப்பர்ல எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும்னு போட்டிருக்கும், அந்தத் தேதிக்கு முன்னால திடல்ல ஒண்ணும் கிடையாது, பின்னாலயும் ஒண்ணும் கிடையாது. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. ஏன்னா ஒரு மனுசன் அந்தத் தேதிக்கு ரெண்டு நாள் முன்னால விழுந்து செத்துப்போனான்.

நான் திடல் வாசல்ல கரும்புச்சாறு மெஷின் போட்டிருக்கிறவன். இருபது வருஷமாச்சு. இந்தக் கதையில நானும் யோக்கியன் இல்ல, அதை முன்னாடியே சொல்லிடுறேன், பின்னால யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

எங்க ஊர் வழக்கம் என்னன்னா, பெரிய பந்தல்னா அஞ்சு நாள் வேலை, ஆனா பேப்பர் வர்றது விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாலதான், தீயணைப்புக்காரன் கையெழுத்து வேணும், போலீஸ் கையெழுத்து வேணும், கரண்ட் ஆபீஸ் கையெழுத்து வேணும், ஒவ்வொருத்தனும் அடுத்தவன் போட்டா நான் போடுறேன்னு உட்கார்ந்திருப்பான், அதனால தலைமை எழுத்தர் ரெங்கபாஷ்யம் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, "நீங்க ஆரம்பிச்சிருங்க, பேப்பர் பின்னாலயே வருது"ன்னு வாயால சொல்லிடுவாரு. இருபது வருஷமா திடல்ல எழும்பின ஒவ்வொரு பந்தலும் அவர் வாய்ச்சொல்லுலதான் எழும்புச்சு. கட்சிக் கூட்டம், பொருட்காட்சி, சுவிசேஷக் கூட்டம், எல்லாம் அப்படித்தான். யாருக்கும் அது தப்பாத் தெரியலை, எனக்கும் தெரியலை.

அந்த வருஷம் பங்குனியில நலத்திட்ட உதவி வழங்கும் விழான்னு சொல்லி, நாப்பது அடி உயரத்துல பந்தல் போடச் சொன்னாங்க. கான்ட்ராக்டர் ஞானதிரவியம் ஆளுகளை இறக்கினாரு. அவர்கிட்ட கொம்பையான்னு ஒருத்தன், இருபத்திரண்டு வருஷமா உச்சியில ஏறிக் குறுக்குக் கம்பு கட்டுறவன், கயித்துத் துண்டைப் பல்லுல கவ்விக்கிட்டு, இடது காலை ஒரு கம்புல மடிச்சு ஊனிக்கிட்டு, ரெண்டு கையையும் விட்டுட்டு முடிச்சுப் போடுவான். பீடி கிடையாது, குடி கிடையாது, என்கிட்ட சாறு வாங்கினா இஞ்சியைக் கூடப் போடச் சொல்லுவான், அவன் கண்ட போதை அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பதே காலுக்கு அவனுக்கு இடது கால் வழுக்குச்சு. நான் கரும்பை மடிச்சு மெஷினுக்குள்ள விட்டுக்கிட்டே சும்மா திரும்பிப் பார்த்தேன், அவன் பாதி தூரத்துல வந்துக்கிட்டு இருந்தான். கத்தக்கூட இல்ல, பல்லுல கயிறு இருந்துச்சு.

நாலு பேர் தூக்கி வேன்ல போட்டுக் கொண்டு போனாங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு. மத்தியானம் ஞானதிரவியமும் ரெங்கபாஷ்யமும் என் கடை நிழல்லதான் வந்து நின்னாங்க.

"பேப்பர் வியாழக்கிழமையில இருந்துதான் அண்ணாச்சி," ரெங்கபாஷ்யம் சொன்னாரு. "செவ்வாய்க்கிழமை திடல்ல ஒரு கம்பு கிடையாது. இல்லாத பந்தல்ல இருந்து ஒருத்தன் எப்படி விழுவான்?"

"விழுந்துட்டானே சார்."

"விழுந்தான். வேற எங்கயாவது விழுந்தான்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சாறு குடிச்சாங்க. அப்புறம் கொம்பையா வீட்டுக்குப் பின்னால இருந்த தென்னை மரத்துல குடிபோதையில ஏறி விழுந்தான்னு முடிவாச்சு. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதினாங்க, ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் எழுதினாங்க. ஒரே ஒரு சிக்கல், கொம்பையா வீட்டுக்குப் பின்னால தென்னை மரம் கிடையாது, கழிவுநீர் வாய்க்கால்தான் இருந்துச்சு. மறுநாள் காலையில ஞானதிரவியம் ஆள் அனுப்பி வாய்க்கால் ஓரத்துல ஒரு தென்னங்கன்னு நட்டு வச்சாரு. முழங்கால் உயரம் இருக்கும்.

கொம்பையா பொண்டாட்டி பேரு வெயிலுகந்தாள். பத்தாவது வரைக்கும் படிச்சவ, பீடி சுத்துறவ, பிள்ளை குட்டி கிடையாது, புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தருக்கு ஒருத்தர் பிள்ளை மாதிரி இருந்தாங்க. பால் தெளிச்ச மறுநாளே தாலுகா ஆபீஸ் வந்து, "என் வீட்டுக்காரரு திடல்லதான் செத்தாரு, அதை அப்படியே எழுதிக் குடுங்க"ன்னு நின்னா. வேற ஒண்ணும் கேக்கலை. வேலையில செத்தான்னு பேப்பர் இருந்தா நல வாரியத்துல ஏதோ கிடைக்கும்னு நாலு பேர் சொல்லியிருந்தாங்கதான், ஆனா அவ அழுதது அதுக்கு இல்ல, குடிச்சிருந்தான்னு எழுதினதுக்கு. "அவுகளுக்கு அந்த வாடையே ஆகாது"ன்னு ஒவ்வொரு மேஜையா போய்ச் சொன்னா. ஒவ்வொரு மேஜையும் அடுத்த மேஜையைக் காட்டுச்சு.

ரெங்கபாஷ்யம் ஒண்ணும் கல்நெஞ்சக்காரர் இல்ல. விதவைகளுக்குத் தையல் மெஷின் குடுக்குற பட்டியல்ல கடைசி நிமிஷத்துல அவ பேரைச் சேர்த்துவிட்டாரு. சனிக்கிழமை விழாவுல, புருஷன் விழுந்த அதே பந்தலுக்குக் கீழ, அவன் கட்டின கம்புக்கு நேர் கீழ, மைக்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அவ கையில தையல் மெஷினைக் குடுத்தாங்க. நாங்க கை தட்டினோம். எல்லாருக்கும் தட்டினோம்ல, அந்த வேகத்துல அவளுக்கும் தட்டிட்டோம்.

திங்கக்கிழமையோட அனுமதி முடிஞ்சுச்சு, பந்தலைப் பிரிச்சு லாரியில ஏத்தினாங்க, குழியை மூடினாங்க, ரெங்கபாஷ்யம் வந்து பார்த்து, திடல் பழையபடி ஒப்படைக்கப்பட்டதுன்னு எழுதிக்கிட்டாரு. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில நான் கடை திறக்கும்போது பந்தல் நிழல் திடல்ல கிடந்துச்சு. பந்தல் இல்ல, நிழல் மட்டும். முதல்ல கண்டுபிடிச்சது நாய்க, ஏழெட்டு நாய் அதுல சுருண்டு படுத்திருந்துச்சு, அப்புறம் ஆடுக வந்துச்சு, அப்புறம் நான் போனேன். மேல பார்த்தா வெறும் ஆகாசம், வெயில் கண்ணைக் கூசுது, கீழ கால் வச்சா சில்லுன்னு இருக்கு. நல்ல நிழல். சூரியன் நகர நகர அதுவும் நகர்ந்துச்சு, காலையில மேற்க, உச்சிப்பொழுதுல நடுவுல, சாயங்காலம் கிழக்க. இன்னொண்ணும் கவனிச்சேன். அது விழா நடந்த பந்தலோட நிழல் இல்ல, செவ்வாய்க்கிழமைப் பந்தலோட நிழல், முக்கால்வாசிக் கூரை மேஞ்சிருந்துச்சு, ஒரு மூலையில இன்னும் வெறும் கம்புதான்.

எட்டரை மணிக்கு ஒரு ஆள் நிழல் கம்பு வழியா ஏறி அந்த மூலைக்குப் போச்சு. பல்லுல கயித்துத் துண்டு. ஒன்பதே காலுக்கு இடது கால் வழுக்கி விழுந்துச்சு. நாலு நிழல் வந்து தூக்கிட்டுப் போச்சு.

புதன்கிழமையும் விழுந்தான். வியாழக்கிழமையும் விழுந்தான். முதல் நாள் பார்த்தவங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க, ரெண்டாவது நாள் வந்தவங்க உச்சுக் கொட்டினாங்க, மூணாவது நாள் பாய் கொண்டுவந்தாங்க. சித்திரை வெயில் கொளுத்துது, ஊர்ல ஒரு மரம் உருப்படியா இல்ல, நாப்பது அடிப் பந்தல் நிழல் சும்மா கிடக்குன்னா யார் விடுவா. ரிட்டையர் ஆன வாத்தியார்க சீட்டுக்கட்டோட வந்தாங்க, பீடி சுத்துற பொம்பளைக முறத்தோட வந்தாங்க, தாலுகா ஆபீஸ் ஜீப்பு ரெண்டையும் வடக்கு ஓரத்துல கொண்டுவந்து நிறுத்தினாங்க. எனக்கு ஒரு மெஷின் பத்தலை, ரெண்டாவது மெஷின் போட்டேன்.

ரெங்கபாஷ்யத்துக்குத்தான் சங்கடம். அனுமதி முடிஞ்ச பிறகும் பந்தல் நிழல் சர்க்கார் இடத்துல கிடக்குறது ஆக்கிரமிப்புதானேன்னு ஞானதிரவியத்துக்கு நோட்டீஸ் விட்டாரு, ஏழு நாளுக்குள்ள நிழலை அப்புறப்படுத்தணும். ஞானதிரவியம் தண்ணி லாரி கொண்டுவந்து அடிச்சுப் பார்த்தாரு, நிழல் நனைஞ்சுகிட்டுக் கிடந்துச்சு. பொக்லைன் கொண்டுவந்து அரை அடி மண்ணைச் சுரண்டி அள்ளிப் பார்த்தாரு, சுரண்டின இடத்துல நிழல் இன்னும் அரை அடி இறங்கிப் படுத்துக்கிச்சு. அந்த மண்ணை வாங்கி வீட்டுக்கு அடியில போட்டா வீடு குளுகுளுன்னு இருக்கும்னு ஒரு கூட்டம் லாரிக்குப் பின்னாலயே ஓடுச்சு.

அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி, கட்டடமே இல்லாத இடத்துல விசேஷம் வச்சா எந்த அனுமதியும் வேண்டாம்லன்னு கேட்டான், பேத்திக்குக் காதுகுத்து வச்சான். அடுத்த வாரம் ஒரு சடங்கு, அதுக்கு அடுத்த வாரம் மூணு கல்யாணம். ரெங்கபாஷ்யம் விடுவாரா, நிழலைப் பயன்படுத்தத் தற்காலிக அனுமதின்னு புதுசா ஒரு படிவம் அடிச்சாரு, நிழலோட நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எத்தனை பேர் உட்காருவாங்க, காலையா சாயங்காலமா, எல்லாம் நிரப்பணும். முகூர்த்தம் காலையில இருந்தா எல்லாரும் ஒன்பதே காலுக்குக் கொஞ்சம் நிறுத்துவாங்க, நாயனக்காரர் நிறுத்துவாரு, ஐயரு நிறுத்துவாரு, ஜனம் எந்திரிச்சு நின்னு பார்க்கும், அவன் விழுவான், நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்க, உடனே பெண் வீட்டுக்காரர், "கொம்பையா விழுந்தாச்சு, பந்தி போடுங்கப்பா"ன்னு சத்தம் குடுப்பாரு.

அது ஊர்ப் பேச்சாவே ஆயிப்போச்சு. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புறவ கொம்பையா விழுறதுக்குள்ள கிளம்புன்னு விரட்டுவா. மதுரை பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டா, கொம்பையா விழுந்து பத்து நிமிஷத்துலன்னு டிரைவர் சொல்லுவான். எவனும் கெட்ட எண்ணத்துல சொல்லலை. அதான் எனக்கு இன்னைக்கும் ஆறலை. கெட்ட எண்ணத்துல சொல்லியிருந்தா மனுசன் ஒரு நாள் வெட்கப்பட்டிருப்பான்.

வெயிலுகந்தாள் நிழல் கிடந்த முதல் நாளே வந்துட்டா. ஏறுற ஆளைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, பல்லுல கயிறு கவ்வுற விதம் வேற யாருக்கு வரும். ஒன்பதே காலுக்கு விழுந்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு ஓடினா, நானும் இன்னும் ரெண்டு பேரும் பிடிச்சு வச்சோம். மறுநாள்ல இருந்து ஒன்பது பத்துக்கே கத்த ஆரம்பிச்சா. "இடது காலு, இடது காலைப் பாருங்க, ஏங்க, இடது காலு." நிழலுக்குக் காது ஏதுன்னு நான்தான் சொன்னேன். அவ கேக்கலை, தினம் கத்தினா, தொண்டை கட்டிப்போயி காத்துதான் வந்துச்சு, அப்பவும் கத்தினா. கல்யாண வீட்டுக்காரங்களுக்கு எரிச்சல் வந்துச்சு. "யாராச்சும் அந்தப் பொம்பளையக் கொஞ்சம் ஓரங்கட்டுங்கப்பா, வீடியோவுல அவ சத்தம்தான் விழுது"ன்னு ஒருத்தர் என்கிட்டயே வந்து சொன்னாரு. நான் அவளைக் கையைப் பிடிச்சு என் கடைக்குப் பின்னால கூட்டிட்டுப் போய் உட்கார வச்சேன். உபகாரம் பண்றேன்னு நினைச்சுக்கிட்டேன்.

கட்டடத் தொழிலாளர் சங்கத்துல பிச்சைக்கனி அண்ணாச்சின்னு ஒருத்தர் இருக்காரு. மெலிஞ்ச ஆளு, கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்தே கால் தேஞ்சவர். அவர்தான் வந்து அவ பக்கத்துல உட்கார்ந்து, அதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லாத ஒண்ணைச் சொன்னாரு.

"தாயி, ஊரே வேடிக்கை பார்க்குது, உனக்கு அது சாட்சியாத் தெரியலையா? செவ்வாய்க்கிழமை இங்க பந்தல் இருந்துச்சு, அதுல இருந்து உன் புருஷன் விழுந்தான், குடிக்காம, கால் வழுக்கி விழுந்தான். தினம் ஒன்பதே காலுக்கு இந்த மண்ணே சாட்சி சொல்லுது. மேலதிகாரி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டா எந்தப் பயலும் மறுக்க முடியாது."

"நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. சத்தம் போடக்கூடாது, கிட்டப் போகக்கூடாது, எதையும் கலைக்கக்கூடாது." அவர் கொஞ்சம் தயங்கினாரு. "அவன் விழணும் தாயி. அவன் விழுந்தாத்தான் நமக்கு நியாயம்."

அவ வாயில முந்தானையைத் திணிச்சுக்கிட்டுத் தலையை ஆட்டினா.

பிச்சைக்கனி மனு மேல மனு போட்டாரு. கடைசியில கோட்டாட்சியர், நாங்க ஆர்.டி.ஓ.ன்னு சொல்றவரு, ஒரு நாள் காலையில நேர்ல வந்து விசாரிக்கிறேன்னு பதில் போட்டாரு, விசாரணை முடியுற வரைக்கும் அந்த மூலைப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு சுத்திக் கயிறு கட்டச் சொன்னாரு. ரெங்கபாஷ்யமும் சும்மா இருக்கலை. அந்த இடத்துல ஆபீஸ் ஜீப்புகளுக்குத் தகரக் கொட்டகை போட ஞானதிரவியத்துக்கே ஒரு தற்காலிக அனுமதி தயார் பண்ணி வச்சாரு, மூணு மாசத்துக்கு ஒரு தரம் நீட்டிச்சுக்கிட்டே போகலாம், கொட்டகை எழும்பிட்டா உள்ள ஒரே இருட்டு, எந்த நிழலும் தெரியாது. விசாரணை முடிஞ்ச மறுநாள் தேதி போட்டிருந்துச்சு. இந்தத் தடவை பேப்பர் முன்னாலயே வந்துருச்சு பாருங்க. ஆக வெயிலுகந்தாளுக்கு இருந்தது ஒரே ஒரு காலை, ஒரே ஒரு ஒன்பதே கால்.

அது வரைக்கும் நாப்பது நாள் அவ கயித்துக்கு வெளிய உட்கார்ந்திருந்தா. தினம் எட்டரைக்கு அவன் ஏறுவான், அவ கண்ணு கூடவே ஏறும். ஒன்பதே காலுக்கு முந்தானை வாய்க்குள்ள போகும். ஒரு சத்தம் வராது. அவன் விழுந்த பிறகு முந்தானையை எடுத்துப் பிழிவா, எச்சிலும் சில நாள் ரத்தமும் இருக்கும். இப்ப சத்தம் இல்லாததால ஜனங்களுக்கு அவ மேல ஒரு மரியாதையே வந்துருச்சு. புதுசா வர்றவங்களுக்கு, "அந்தா உட்கார்ந்திருக்கா பாருங்க, அவதான் பொண்டாட்டி"ன்னு காட்டினாங்க. கல்யாண வீட்டுல இருந்து இலையில கட்டி அவளுக்கும் சோறு குடுத்தனுப்பினாங்க.

ஆர்.டி.ஓ. வந்தாரு. நான் பார்த்த அதிகாரிகள்ல அவரை மாதிரி ஒரு மனுசன் கிடையாது, போட்ட நாற்காலியில உட்காராம வெயில்ல நின்னாரு, யாரையும் ஏ, வான்னு பேசலை, வெயிலுகந்தாளை, "வாங்கம்மா"ன்னாரு. ஊரே கூடியிருந்துச்சு. ஞானதிரவியம் ஒரு பக்கம் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு நின்னாரு, ரெங்கபாஷ்யம் கோப்போட நின்னாரு, பிச்சைக்கனி அண்ணாச்சி இருந்ததுலயே வெளுப்பான சட்டையைப் போட்டுக்கிட்டு நின்னாரு.

"நான் யார் சொல்றதையும் எழுதப்போறது இல்ல," ஆர்.டி.ஓ. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு. "என் கண்ணால என்ன பார்க்குறேனோ அதை எழுதுவேன். இந்த இடத்துல ஒருத்தர் விழுந்தா, விழுந்தாருன்னு எழுதுவேன். அதுக்கு மேல எந்தப் பேப்பர்ல எந்தத் தேதி இருந்தாலும் எனக்குக் கவலை இல்ல."

பிச்சைக்கனிக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. முப்பது வருஷமா அந்த மாதிரி ஒரு வார்த்தையை அவர் எந்த ஆபீஸ்லயும் கேட்டது இல்ல.

ஒன்பது மணிக்கு ஆர்.டி.ஓ. கயித்தைத் தூக்கிப் பிடிச்சு, "உள்ள வந்து ஆள் யாருன்னு அடையாளம் சொல்லுங்கம்மா, தூரத்துல இருந்து சொன்னா செல்லாது"ன்னாரு. அத்தனை நாள்ல அவ அந்தக் கயித்துக்கு உள்ள போனது அன்னைக்குத்தான். செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டுப் போனா. பந்தல் நிழல்மேல காலை வச்சதும் ஒரு நிமிஷம் நின்னா, குளிர்ச்சி ஏறியிருக்கும். கொம்பையா நிழல் அந்த மூலையில, கூரை மேயாத இடத்துல, வெயிலுக்கு நடுவுல கறுப்பாத் தெளிவாக் கிடந்துச்சு, தலைப்பாகையோட நுனி கூட ஆடுறது தெரிஞ்சுச்சு.

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. கொம்பையா."

"எப்படித் தெரியும்?"

"முடிச்சை இறுக்கும்போது கழுத்தை இடது பக்கம் சாய்ப்பாருங்கய்யா. சாப்பிடும்போதும் அப்படித்தான்."

ஆர்.டி.ஓ. எழுதிக்கிட்டாரு. "சரிம்மா. தள்ளி வந்துருங்க."

அவ வரலை. மணி ஒன்பது பதிமூணு. பிச்சைக்கனி கயித்துக்கு இந்தப் பக்கம் இருந்து மெதுவா, "தாயி, வந்துரு, இன்னும் ரெண்டு நிமிஷம்தான், பொறுத்துக்கோ"ன்னு கூப்பிட்டாரு. அவ திரும்பிப் பார்த்தா. எங்க எல்லாரையும் ஒரு சுத்துப் பார்த்தா. பால்குடிப் பிள்ளைகளை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னவங்களை, போனைத் தூக்கிப் பிடிச்சிருந்தவங்களை, எச்சில் கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு நின்ன என்னை. நாங்க அத்தனை பேரும் அவ புருஷன் விழுறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம். நல்லவங்களும் சேர்ந்து காத்துக்கிட்டு இருந்தோம், பிச்சைக்கனி உள்பட.

கொம்பையா இடது காலை மடிச்சு ஊனினான். ரெண்டு கையையும் விட்டான்.

அந்த நேரத்து வெயில்ல ஆள் உயரத்துக்கு நிழல் விழும். வெயிலுகந்தாள் கிழக்க ரெண்டு எட்டு எடுத்து வச்சா, ஓடலை, அடுப்புல பால் பொங்கினா நாலு வேலையை விட்டுட்டுப் போவோமே அப்படிப் போனா, போய் நிமிர்ந்து நின்னா. அவ நிழலோட வலது தோளு கொம்பையாவோட இடது காலுக்குக் கீழ போய் நின்னுச்சு. கால் வழுக்குச்சு. தோள்ல வந்து ஊனுச்சு. நான் அவளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், அவ வலது தோளு நிஜமாவே ரெண்டு விரக்கடை இறங்குச்சு, சிமெண்ட் மூட்டையை இறக்கி வச்ச மாதிரி. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

கொம்பையா முடிச்சை இறுக்கினான். கழுத்தை இடது பக்கம் சாய்ச்சான். நிதானமா வலது காலை அடுத்த கம்புக்கு மாத்தினான், தோளை விட்டான், ஒவ்வொரு கம்பா இறங்கினான். தரையில நின்னு தலைப்பாகையை அவுத்து மூஞ்சியைத் துடைச்சான். அவளைப் பார்க்கலை, நிழலுக்குப் பார்க்கத் தெரியுமோ என்னமோ. அப்படியே நடந்து வாசல் வழியா, என் கரும்புக் கட்டு மேல ஏறி இறங்கி, ரோட்டுக்குப் போனான். ஆட்டோ நிழலும் கம்ப நிழலும் பஸ் நிழலும் கிடந்த ரோட்டுல கொஞ்ச தூரம் தெரிஞ்சான், அப்புறம் எது அவன்னு தெரியலை. அவன் பின்னாலயே பந்தல் நிழலும் பாயைச் சுருட்டுற மாதிரி கிழக்க இருந்து மேற்க சுருண்டு போயிருச்சு. திடல் முழுக்க வெயில்.

அப்புறம் ஒருத்தன், "நாசமாப் போச்சு, நாளைக்கு எங்க வீட்டு வளைகாப்புக்கு எங்க போறது"ன்னான். நானும் மனசுக்குள்ள திட்டினேன், நாளையில இருந்து கூட்டம் வராதேன்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு, அதை நினைச்சா இப்பவும் என்னை நானே அறையணும் போல இருக்கு. பிச்சைக்கனி அண்ணாச்சி கயித்தைப் பிடிச்சுக்கிட்டே மண்ணுல உட்கார்ந்துட்டாரு.

"ஏன் தாயி?" அவ்வளவுதான் கேட்டாரு. "இன்னைக்கு ஒரு நாள் விட்டிருக்கலாமே."

"கால் வழுக்குச்சு அண்ணாச்சி," அவ சொன்னா.

ஆர்.டி.ஓ. ஒன்பதரை வரைக்கும் நின்னு பார்த்தாரு. பத்து மணி வரைக்கும் பார்த்தாரு. அவருக்கும் மனசு சரியில்லைன்னு மூஞ்சியில தெரிஞ்சுச்சு, ஆனா வாக்கு வாக்குதானே, கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும். எழுதினாரு. எழுதி அவளைக் கூப்பிட்டு, ரொம்பத் தணிஞ்ச குரல்ல வாசிச்சாரு. மேற்படி இடத்தில் கொம்பையா என்பவர் உயரத்தில் வேலை செய்வதை நேரில் பார்த்தேன், அவர் நிதானமாக இருந்தார், அவர் விழவில்லை, பத்திரமாக இறங்கி நடந்து சென்றார். "இதுல நீங்க கையெழுத்துப் போடணும்மா. போட்டா இதோட முடிஞ்சது. இதுக்கு மேல எங்கயும் கேக்க முடியாது. வேண்டாம்னா யோசிச்சுச் சொல்லுங்க."

அவ பேப்பரைக் கையில வாங்கி அவளாவே இன்னொரு தடவை வாசிச்சா. விரலை ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில வச்சு வாசிச்சா, 'நிதானமாக இருந்தார்'ங்கிற இடத்துல கொஞ்சம் நின்னா, 'நடந்து சென்றார்'ங்கிற இடத்துல ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் பேனாவைக் கேட்டா. வெயிலுகந்தாள், கணவர் பெயர் கொம்பையான்னு, பள்ளிக்கூடத்துல எழுதின மாதிரி குண்டு குண்டா, பிழை இல்லாம எழுதினா. எழுதிட்டு வலது தோளைத் தடவிக்கிட்டே செருப்பைத் தேடிப் போனா.

ரெங்கபாஷ்யம் கையெழுத்தைச் சரி பார்த்தாரு. செத்தவங்க பேருக்கு முன்னால 'லேட்'டுன்னு போடணும்ங்கிறது ஆபீஸ் முறை, அவ அதை விட்டிருந்தா. கூப்பிட்டாரு, அவ அதுக்குள்ள வாசலைத் தாண்டிட்டா. ஒரு சின்ன விஷயத்துக்கு எதுக்கு அவளை மறுபடி நடக்க வைக்கணும்னு அவரே பேனாவைத் திறந்து, கொம்பையாங்கிற பேருக்கு முன்னால மேல ஒரு சின்ன கூரைக்குறி போட்டு, அதுக்குள்ள 'லேட்'டுன்னு எழுதிக்கிட்டாரு.